ஈரக்கை, மூன்றாம் இதழ்

மார்ச் 3, 2024

லோதி ரோட்டில் நாலு வீட்டுச் சமையலை முடித்து வந்து, கட்டுரையையும் முடித்துவிட்டேன். தலைப்பு: ‘அவரவர் ஜட்டியை அவரவர் துவைக்கட்டும்’. வீட்டு வேலை செய்யும் நாங்கள் ஏழு பெண்கள் நடத்தும் ஒற்றைத் தாள் பத்திரிகை, ‘ஈரக்கை’. போன இரண்டு இதழிலும் மேடம்களைக் கிழித்தோம். எங்கள் வீட்டு வேலைத் தொழிலாளர் சங்கத்து ஆண்கள் கைதட்டினார்கள்.

மார்ச் 5

இந்த முறை கைதட்டல் இல்லை. சங்கத் தலைவர் கலியமூர்த்தி அண்ணன் தாளை இரண்டு விரலால் பிடித்து நீட்டினார், அதுவே துவைக்காத ஜட்டி மாதிரி.

“கோமளா, சங்கம்னா சம்பளம், லீவு பேசணும். வீட்டு விஷயம் எதுக்கும்மா?”

வீட்டு வேலைக்காரி வீட்டு விஷயம் பேசாமல் வேறு எதைப் பேசுவாள்? இந்தப் பதில் பஸ்ஸில்தான் தோன்றியது. அவர் முன்னால் “சரிண்ணே” என்றேன். வெட்கக்கேடு.

சங்கத்து ஜெராக்ஸ் மெஷின் இனி எங்களுக்குக் கிடையாதாம்.

மார்ச் 8

மகளிர் தினக் கூட்டம். ஆண்கள் பேசினார்கள். நாங்கள் டீ போட்டோம்.

டீ ஆற்றும்போது எங்கள் ஏழு பேரில் ஒருத்தியான பவுனு சொன்னாள்: “மெஷின் இல்லன்னா கை இல்லையாடி? ஆளுக்கு மூணு காப்பி எழுதுவோம்.”

மார்ச் 12

நகல் எடுக்கச் சொன்னால் ஆளாளுக்கு ஆசிரியராகிவிட்டார்கள். பவுனு, தன் புருஷன் ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவதைச் சேர்த்திருக்கிறாள். இளவரசி மாமனாரின் பெயரையே போட்டுவிட்டாள். ஒரு பிரதி மாதிரி இன்னொன்று இல்லை. திட்டத்தான் போனேன். சிரித்து வயிறு வலித்ததுதான் மிச்சம்.

கலியமூர்த்தி அண்ணனின் மனைவி ஒன்றை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

மார்ச் 13

என் புருஷன் முருகன் இரண்டு நாளாகப் பேசவில்லை. கொடியில் அவர் ஜட்டி காய்கிறது. நான் துவைக்கவில்லை.

மார்ச் 17

ஒரு பிரதியை மகள் சுபாஷிணியை எழுதச் சொல்லியிருந்தேன். இங்கே ஹிந்திப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள். தமிழ் என்றாலே “அம்மா ப்ளீஸ், ஹிந்தில எழுதட்டா?” என்பவள். இன்று தாளைக் கொடுத்தாள். அடியில் சொந்தமாக ஒரு வரி: ‘இந்த ஆசிறியர் வீட்டில் அண்ணாவுக்கு மட்டும் தினம் முட்டை.’

கொதிச்சுது எனக்கு. எம் மகன் தீனா வளர்ற பையன் — இவ மட்டும் என்ன, வளராமலா இருக்கா? நான் என்னிக்காவது யோசிச்சேனா?

பவுனுவிடம் காட்டினேன். “அடுத்தவ புருஷன்னா மட்டும் இனிச்சுதா?” என்றாள்.

பேனாவை எடுத்தேன். ‘ஆசிறியர்’ என்பதை மட்டும் திருத்தினேன். பஸ் ஸ்டாப்பில் நானே கொண்டுபோய் ஒட்டினேன்.