கருப்புக் கட்டம் போட்ட ஏரிப் படம்

உத்திரமேரூர்
22-11-1983

சௌபாக்கியவதி மகள் ஏலவார்குழலிக்கு நைனா கன்னியப்பன் மனதார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா முனியம்மாளும் உடம்பளவில் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளை துரைராஜும், ஏழு மாதமாக உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகம் என்று உங்கள் இருவரில் ஒருவர் கையெழுத்தில் பார்த்தால்தான் இந்த வீட்டில் சோறு ஒழுங்காக இறங்கும். மாப்பிள்ளை வேலைக்குக் கிளம்பும் முன் பதிலை எழுதி அவர் கையிலேயே தபாலுக்குக் கொடுத்துவிடு, மிச்சத்தை அப்புறம் படி.

நீ அனுப்பிய படக் கார்டு போன வியாழக்கிழமை வந்தது. இரண்டு மாதமாக உன் கடிதம் இல்லையே என்று தினமும் படலண்டையே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தபால்காரர் இருசப்பன் எப்போதும் படலைத் தள்ளிக்கொண்டு வந்து மோர் வாங்கிக் குடிப்பவர், அன்று தெருவிலேயே நின்றுவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "பிரான்சுலேர்ந்து வந்துகீதுபா, பின்பக்கம் படிக்க எனக்கு மனசு வரல" என்று கார்டை நீட்டிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். பார்த்தால் சுற்றிலும் விரல் அகலத்துக்குக் கருப்புக் கட்டம். சாவுச் சேதிக் கார்டுக்குத்தான் நாம் கருப்பு மை தடவுவோம், அதை வாசல்படி தாண்டி உள்ளே கொண்டுபோகாமல் கிழித்துப் போட்டுவிடுவோம், உனக்குத் தெரியாததா. நான் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை கண்ணு. உன் அம்மா பிடுங்கி நான்காகக் கிழித்து வாசல் ஓரம் ஓடிய மழைத் தண்ணீரில் எறிந்துவிட்டு, "எங்கொழந்தைய கண்காணாத தேசத்துக்கு அனுப்பிட்டு இன்னாயா பாத்துகினு நிக்கற" என்று என் மார்பில் அடித்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா, கிணற்றடிக்குப் போய்க் குடம் குடமாகத் தலையில் ஊற்றிக்கொண்டேன். உயிரோடு இருக்கிற மகளுக்குத் தலை முழுகினேன். இதை எழுதவே கூடாது என்று உன் அம்மா சொன்னாள், எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

அழுகைச் சத்தம் கேட்டு எதிர்வீட்டு டிராயிங் மாஸ்டர் தாமோதரன் ஓடி வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துண்டுகளைப் பொறுக்கினார். மூன்றுதான் கிடைத்தன, ஒன்றைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. சேர்த்துவைத்துப் பார்த்தவர் கத்தினார், "இன்னாபா நீங்க, இது சாவுக் கார்டு இல்லபா, படம்பா! நூறு வருசத்துக்கு முன்னால அந்த ஊர்ல ஒருத்தர் வரைஞ்ச ஏரி. கருப்பு சும்மா அழகுக்குப் போட்டுகீறான்" என்று. பின்பக்கம் உன் முத்து முத்தான எழுத்து. உன் அம்மா ஈர மண்ணிலேயே உட்கார்ந்து சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஆனால் உன் கடிதத்தின் தொடக்கம் போன துண்டில்தான் இருந்திருக்கிறது. மிச்சம் இவ்வளவுதான்: "கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறேன் நைனா. தண்ணீர் ஆடாமல் அசையாமல் இருக்கிறது, பார்த்தால் பயம் குறைகிறது. நீங்களும் பாருங்கள்." என்ன கூடாது குழலி? எழுந்திருக்கக் கூடாதா, உப்பு சேர்க்கக் கூடாதா? ஏன் படுத்திருக்கிறாய், எதற்குப் பயம்? தந்தி கொடுக்கலாம் என்று கிளம்பி பாதி வழியில் திரும்பிவிட்டேன். படுத்திருக்கும் பிள்ளைத்தாய்ச்சி வாசலில் தந்திக்காரன் வந்து நின்றால் நீ என்ன ஆவாயோ என்று பயம். பாண்டிச்சேரியில் உன் மாமியார் லீலாவதி அம்மாளுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன், அங்கிருந்தும் இன்னும் பதில் இல்லை.

நீ பார்க்கச் சொன்னாய் என்று படத்தைச் சோற்றுப் பருக்கையால் ஓர் அட்டையில் ஒட்டித் தினமும் பார்க்கிறேன். முதல் இரண்டு நாள் எனக்கு அதில் ஓர் அமைதியும் தெரியவில்லை. ஏரி மதகைத் திறந்து மூடுகிற என் கண்ணுக்குத் தண்ணீர் விளிம்பு வரை நிற்பதும், மிஞ்சிய தண்ணீர் வழிய எங்குமே கலங்கல் இல்லாததும்தான் பட்டது. இங்கே ஐப்பசிக் கடைசியில் பிடித்த மழை விடவில்லை, தென்னேரி ஏரியே தளும்புகிறதாம், நம் ஏரிக்கரையை நானும் என்னோடு மதகு பார்க்கும் சேட்டுவும் முறை வைத்துச் சுற்றுகிறோம். அந்தப் பயத்தோடு பார்த்தால் படத்து ஏரியும் இப்போதே உடைந்துவிடும் போலிருந்தது. மாஸ்டர்தான் என் தோளைப் பிடித்து ஆறடி தள்ளி நிறுத்தினார். "கரை தாங்குமான்னு குனிஞ்சு குனிஞ்சு பாக்காத, வெளிச்சம் எங்கேர்ந்து வருதுன்னு பாரு" என்றார். தள்ளி நின்றதும், துடைத்த கறை போலிருந்த பச்சையெல்லாம் இலையாகிவிட்டது. விடிகிற நேரம், பனி கலையவில்லை, வானத்துச் சாம்பல் நிறமே தண்ணீரிலும் கிடக்கிறது. ஒரு பழுப்பு மாடு முன்னங்கால் இரண்டையும் தண்ணீரில் வைத்துக் குடிக்கிறது. மண் இளகினால் மாடு இறங்காது. அதைக் கண்ட பிறகுதான் கரை கெட்டி என்று எனக்கு மூச்சு சீராக வந்தது. நல்லாத்தான் வரைந்திருக்கிறார் அந்த மனுஷன், மாடு வளர்த்தவராக இருப்பார்.

இருந்தாலும் பயம் முழுசாகப் போகவில்லை கண்ணு. அக்கரையில் யாரோ நிற்கிறார்கள், ஆள் இருந்த துண்டுதான் போய்விட்டது. தலையில் சிவப்புத் துணியோடு நிழல் மட்டும் தண்ணீரில் தலைகீழாக இருக்கிறது. நிழல் இருக்கிறதே ஆள் எங்கே என்று அந்த வெறும் அட்டையையே தடவிக்கொண்டிருக்கிறேன். உன் அம்மா அந்த இடத்தை விரலால் மூடிக்கொண்டுதான் படத்தைப் பார்க்கிறாள்.

குளிரில் காலை மூடிக்கொள், ஒருக்களித்துப் படு, வெந்நீரே குடி, கனமான எதையும் தூக்காதே. டாக்டர் சொன்னதை மாப்பிள்ளையை வைத்தாவது முழுசாக எழுதி அனுப்பு, நல்லதோ கெட்டதோ மறைக்காதே. அதே படம் இன்னொன்று கிடைத்தால் வாங்கி, கருப்பைக் கத்தரித்துவிட்டு, நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்து உறைக்குள் போட்டு அனுப்பு. தண்ணீரில் நிழல் விழுந்தால் கரையில் ஆள் நின்றுகொண்டுதான் இருக்க வேண்டும், அதைச் சொல்லிச் சொல்லித்தான் உன் அம்மாவை இரண்டு வாய் சாப்பிட வைக்கிறேன். நீ சுகப்பிரசவமாகி, பிள்ளையும் நீயும் நூறு வயது இருக்க எல்லையம்மன் துணை.

இப்படிக்கு,
உன் பதிலுக்காகப் படலண்டை நிற்கும் நைனா,
கன்னியப்பன்

கீழே இருக்கும் மஞ்சள் கைநாட்டு உன் அம்மாவுடையது. கார்டைக் கிழித்த அதே கை. நான் வைக்கச் சொல்லவில்லை, தானே மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்து வைத்தாள்.