நிறைகுடத்துக்குப் பின்னால் நடந்தவளுக்கு

நீ இன்னும் என் பின்னால்தான் வருகிறாய். இல்லையென்றால் இந்த முழங்கால் வலியோடு நான் எதற்குக் குடத்தைத் தூக்குகிறேன், நீயே சொல் தாயி. ஆறரை மணி பஸ் கண்மாய் வளைவில் ஹாரன் அடித்ததும் கை தானாகக் குடத்தைத் தேடுகிறது. நிரப்பிக்கொண்டு நடக்கிறேன். பின்னால் உன் செருப்புச் சத்தம் கேட்கிறது. திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் நின்றுபோகும்.

என் அண்ணன் மகள் நீ. புருஷனைப் பறிகொடுத்து என் வீட்டுக்கு வந்தாய். கடலோரத்து இறால் கம்பெனியை மூடியதும் அங்கே நீ பார்த்த வேலையும் போயிற்று. விதவைப் பென்சனும் ரேஷன் அரிசியும்தான் மிச்சம். அந்த நிலையில் ராமநாதபுரத்துக்கு டீச்சர் டிரெயினிங் போகப்போவதாகச் சொன்னாய். அம்பாள் முன்னால் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பூ வந்தது. சரி என்றேன்.

படிப்பு உனக்குப் பாரமில்லை, பஸ் ஏறப் போவதுதான் பாரம். தாலி இழந்தவள் எதிரே வந்தால் போகிற காரியம் கெடும் என்பார்கள் நம் ஊரில். அதனால் நான் நிறைகுடத்தோடு முன்னால் போவேன், நீ என் முதுகை ஒட்டி வருவாய்.

கமுதிக்கு வத்தல் மூட்டை ஏற்றிப்போகிற பெரியவர் ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டார்.

“ஏத்தா, அவள அங்கனயே நிப்பாட்டு. நாங்க போயிக்கிறோம்.”

“நெறகொடம் முன்னால வருதுண்ணே, வத்தலுக்கு நல்ல வெல கெடைக்கும். கண்ண என் மேல வச்சுக்கிட்டுப் போங்க.”

நீ முதுகுக்குப் பின்னால் சிரித்தாய். “அயித்த, நீ இம்புட்டு அகலமா இருக்கது எனக்குத்தான் வசதி!”

அந்தத் தண்ணீரை ஸ்டாப்பில் இருக்கிற பிள்ளையார் தலையில் ஊற்றிவிட்டு, நீ பாஸாக வேண்டும் என்று கும்பிட்டுத் திரும்புவேன்.

யாரோ மொட்டைப் பெட்டிஷன் போட்டார்கள். தலையாரி விசாரிக்க வந்தார்.

“வேல பாக்குறாளாமே? அப்பறம் எதுக்குப் பென்சன்?”

“படிக்கப் போறவளுக்கு எவன்யா சம்பளம் குடுக்குறான்?” என்று நான் கத்தினேன்.

நீ கத்தவில்லை. “வேல கெடச்ச அன்னைக்கு நானே வேணாம்னு எழுதிக் குடுத்துருவேண்ணே. அதுவரைக்கும் நிப்பாட்டிராதீக” என்றாய். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். பென்சன் நிற்கவில்லை.

இரண்டாம் வருஷம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திப் பழக அனுப்பினார்கள். வந்து வந்து சொல்வாய், “அயித்த, என்னைய டீச்சர்ங்குதுக!” பரீட்சைக்கு முந்தின மாதம் மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி அரைத்தேன், ஆஸ்பத்திரியில் சேர்த்தேன், ராமேஸ்வரத்துத் தீர்த்தமெல்லாம் கொண்டுவந்து வாயில் விட்டேன். நீ நிற்கவில்லை.

பரீட்சை எழுதாமல் போனாளே, டீச்சராகாமலே போனாளே என்று அழுகிறேன். அதற்குத்தான் நீ இன்னும் பின்னாலேயே வருகிறாயோ?

உன்னைத் தூக்கிய அன்று கண்மாய்க் கரையில் ஒரு கூட்டம் பிள்ளைகள் யூனிபாரத்தில் வரிசையாக நின்றார்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளைகள். “பள்ளிக்கூடம் விட்டா வீட்டுக்குப் போங்க, இங்கன என்ன வேடிக்க?” என்று விரட்டினேன். நகரவில்லை. உனக்குக் கோடித்துணி எடுக்கப் போன என் வீட்டுக்காரர், உன் மாமா, கடை பூட்டியிருக்கிறதென்று முதலாளியை வீட்டிலிருந்து கூட்டிவந்து திறந்தாராம். இதை எழுதும்போதுதான் நினைவு வருகிறது தாயி. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.