பலெர்மோவில் குவில்ற் தைக்க ஆளுண்டா

இயேசு மரி சூசை துணை

பலெர்மோ
12.10.1996

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு,

ஆண்டவர் உன்னை நல்லபடி வைத்திருக்கிறார் என்ற நம்பிக்கையோடு அப்பா எழுதுகிறேன். என் சுகத்தைக் கேட்டால் உடம்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, லிபெர்த்தா வீதியில் நான் வேலைக்கு இருந்து பார்க்கிற கிழவரைத் தூக்கி இருத்திக் குளிக்க வார்க்கிற பலம் இன்னும் இருக்கிறது. மனதைக் கேட்காதே. பெரியம்மாவின் முழங்கால் வலி எப்படி, இங்கிலாந்தில் அந்த லெஸ்ரர் குளிருக்கு அவவைக் காலுறை போட்டுக்கொண்டு படுக்கச் சொல்லு. நீயும் பச்சைத் தண்ணீரில் தலை முழுகிவிட்டு வேலைக்கு ஓடாதே.

உன் கடிதம் ஆவணியிலேயே கிடைத்துவிட்டது, பதில் எழுதாமல், ரெலிபோனிலும் எழுதுகிறேன் என்று தள்ளிக்கொண்டு வந்தது சோம்பலால் அல்ல. அம்மா போன பிறகு அப்பா தனியே இருக்கிறார், நான் வேலையை விட்டுவிட்டு அங்கே வந்து உங்களோடு இருக்கப் போகிறேன், பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருக்கிறபடியால் இத்தாலியில் தங்குகிற பெர்மெசோ அனுமதிக்கு உங்களைப் போல வரிசையில் நின்று காய வேண்டியதில்லை என்று எழுதியிருந்தாய். அதை வாசித்துவிட்டு நான் அழுதேன், சந்தோசத்தில் தான். பிறகு கடிதத்தின் அடியில் ஒன்று கேட்டிருந்தாய். பலெர்மோவில் குவில்ற் தைக்கிற துணி, நூல், நடுவில் வைக்கிற பஞ்சு விரிப்பு எல்லாம் விற்கிற கடை உண்டா, கூட இருந்து தைக்க ஆட்கள் உண்டா, அது இல்லாமல் எனக்கு விசர் பிடித்துவிடும் அப்பா என்று. இவ்வளவு தானா என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய பட்டணத்தில் துணிக் கடைக்கா பஞ்சம், இந்தப் பிள்ளை கேட்கிறதைப் பார் என்று சிரித்தேன். சிரித்தது அந்த ஒரு நாள் தான்.

அம்மா படுக்கையில் கிடந்தபோது துண்டுத் துணிகளைப் பொருத்தி நீ தைத்து அனுப்பிய சின்னக் குவில்ற் போர்வையை மாதிரிக்கு மடித்து எடுத்துக்கொண்டு முதலில் கபோ சந்தைக்குப் போனேன். வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற இடம், எல்லா வியாபாரிகளும் முகம் தெரிந்தவர்கள் தான். துணிக்காரன் ஒருவன் அதைப் பிரித்து, மறுபக்கம் திருப்பி, தையலை இழுத்துப் பார்த்துவிட்டு என்ன விலை என்று கேட்டான். கறுப்பன் ஒருவன் துணியோடு நின்றால் விற்க வந்தவன் என்று தான் இவர்களுக்கு நினைப்பு. பக்கத்தில் நின்ற பெண் அதற்கும் மேலே போய் விலையைக் குறைக்கச் சொன்னாள். நான் விற்க வரவில்லை, இப்படித் தைப்பதற்கு வேண்டிய சாமான் தேடுகிறேன் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அவனிடம் இருந்தது திரைச்சீலைத் துணியும் நைலோனும் கலியாண உடுப்புக்கான சற்றின் துணியும். நீ சொன்ன சின்னப் பூப் போட்ட சுத்தப் பருத்தி இல்லை. பஞ்சுக்கு மெத்தை அடிக்கிறவனிடம் அனுப்பினான், அவன் ஒரு சாக்கு ஆட்டுமயிரைக் கொண்டுவந்து முன்னால் கொட்டினான். கலியாணச் சீதனத்துக்குப் படுக்கை விரிப்பு விற்கிற பெரிய கடைக்கும் போனேன், எல்லாம் தைத்து முடித்து நாடா கட்டி வைத்திருக்கிறார்கள், தைக்கிறதற்கு ஒன்றும் இல்லை. கடைசியில் கிழவருடைய மகள், நம்முடைய சிஞ்ஞோராவைக் கேட்டேன். நல்ல மனுசி, என்னை அகொஸ்தீனோ என்று தான் கூப்பிடுவாள், தெரிந்தவர்களுக்கெல்லாம் ரெலிபோன் எடுத்துப் பார்த்தாள். இங்கே பெண்கள் லேஸ் பின்னுவார்கள், பூ வேலை செய்வார்கள், நல்ல துணியை வெட்டித் துண்டாக்கித் திரும்ப ஒட்டுவதை யாரும் செய்வதில்லை அகொஸ்தீனோ, மிலானோவில் கேட்டுப் பார் என்றாள். மிலானோ எங்கே, நாங்கள் எங்கே.

சரி, சாமானை நீ லெஸ்ரரில் இருந்து கொண்டு வரலாம், ஆட்களையாவது பிடித்து வைப்போம் என்று நினைத்தேன். தமிழ்ப் பூசை முடிய கத்தரீனா அக்காவிடம், என் மகள் வரப்போகிறாள், தையலில் விருப்பம், நாலு பெண்கள் கூடியிருந்தால் அவளுக்குச் சந்தோசமாக இருக்கும் என்று சொன்னேன். அக்காவைத் தெரியும் தானே, மன்னாரில் இருந்து வந்தவர், அவரிடம் ஒன்றைச் சொன்னால் கோயில் மணி அடித்த மாதிரி. அடுத்த வியாழன் பின்னேரம், வீட்டு வேலை செய்கிற எல்லோருக்கும் ஓய்வான நேரம், என் அறை நிறையப் பெண்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து பிஸ்கற் பெட்டியை உடைத்தேன், உன் அம்மா இருந்திருந்தால் இந்தக் கூட்டத்தைப் பார்த்து எப்படிச் சந்தோசப்பட்டிருப்பாள் என்று வேறு நினைத்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொருவராகப் பையைத் திறந்தார்கள். ஒருத்தி சட்டைத் துணியோடு அளவுச் சட்டை வைத்திருந்தாள், ஒருத்தி சேலைக்கு ஃபோல்ஸ் அடிக்க, ஒருத்தி புருசனுடைய காற்சட்டைக்கு சிப் மாற்ற. கத்தரீனா அக்கா தன் பங்குக்கு மூன்று ஜன்னல் திரையைக் கொண்டுவந்து, பிள்ளை எப்ப வாறா, நத்தார்ப் பெருநாளுக்கு முன்னம் முடிச்சுத் தருவாவோ என்று கேட்டார். மகள் தையற்காரி, கடை போட வருகிறாள் என்று ஊரெல்லாம் கதை போயிருக்கிறது.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஆட்களில் சும்மா தைக்கிறவரை யார் கண்டது. நான் உன் குவில்ற்றை விரித்துக் காட்டி, இது பொழுதுபோக்கு, எல்லோரும் சுற்றியிருந்து கதைத்துக் கதைத்துத் தைக்கிறது என்று விளங்கப்படுத்தினேன். வந்தவர்களில் அலோசியஸின் மனைவி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, வடிவா இருக்கு அண்ணை, ஆனா துண்டுத் துணி பொருத்திப் போர்க்கிறதை நாங்கள் மடு அகதி முகாமிலை செய்தனாங்கள், விருப்பத்துக்கோ செய்தனாங்கள், இனி ஆர் அதைச் செய்யப்போகினம் என்றாள். வியாழன் பின்னேரமும் ஞாயிறும் தான் எங்களுக்குக் கால் நீட்டுற நேரம், அதுக்குள்ளை ஊசி பிடிக்கேலுமோ என்று இன்னொருத்தி மெல்லச் சொன்னாள். சட்டைத் துணிகளைத் திரும்ப மடித்து வைத்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு எனக்கு வந்த வெறுப்பில் சமைக்கவும் இல்லை.

கத்தரீனா அக்காவின் கணவர் றோபேட் ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறார். அவர் தான் போன கிழமை வந்து, அண்ணை, எங்கடை கடைக்குப் பின்னாலை ஒரு இங்கிலீசு மனுசி, இதே மாதிரிப் போர்வையை பல்கனியிலை காயப்போடுறா, நான் கண்ணாலை கண்டனான் என்றார். பிள்ளை, நான் அன்றிரவே உனக்கு வா என்று எழுத இருந்தேன். நல்ல காலம், பார்த்துவிட்டு எழுதுவோம் என்று வைத்தேன். மறுநாள் சவரம் செய்து, பூசைக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

மிஸிஸ் மார்ஜரி என்று பெயர். இந்த ஊர்க்காரரைக் கட்டி வந்தவர், அவர் செத்துப்போனார், பிள்ளைகள் இல்லை. கதவைத் திறந்து, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கையில் இருந்த குவில்ற்றைப் பார்த்தார். பார்த்தபடியே அழத் தொடங்கிவிட்டார். யார், எங்கே இருந்து வருகிறாய் என்று ஒரு கேள்வி இல்லை. உள்ளே கூட்டிப் போய் இருத்தி, உன் தையல் மேல் விரலை ஓடவிட்டு ஓடவிட்டு ஆங்கிலத்தில் பொழிந்தார், என் பள்ளிக்கூட ஆங்கிலத்துக்குப் பாதி தான் பிடிபட்டது. துணி இங்கிலாந்தில் இருந்து தபாலில் வருகிறதாம், வந்தால் உண்டு. பஞ்சு விரிப்பை ஊருக்குப் போகும்போது வாங்கி, முழங்காலால் அமத்திப் பெட்டியில் அடைத்துக் கொண்டு வருவாராம். கூடத் தைக்க ஆள் வேண்டும் என்று கோயில்களிலும் கடைகளிலும் எழுதி ஒட்டினாராம், வந்து சேர ஒருத்தரும் இல்லையாம். அறை முழுக்கக் குவில்ற், மேசை மேலே, கதிரை மேலே, அலுமாரி மேலே. அவ்வளவும் அழகு, பார்க்க ஒரு சனம் இல்லை. உன்னைப் பற்றிச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். கெதியாக வரச் சொல், கெதியாக வரச் சொல் என்று விடவே இல்லை. வருவாள் என்று சொல்லிவிட்டேன். எழும்பும்போது குவில்ற்றை அவர் கையில் இருந்து நான் தான் மெல்ல இழுத்து எடுக்க வேண்டியிருந்தது. உன் அம்மா போர்த்தது, கொடுக்க மனம் வரவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது, பலெர்மோவில் குவில்ற் தைக்க ஒரு ஆள் உண்டு. திரும்பும் பஸ்ஸில் குவில்ற்றை மடியில் வைத்துக்கொண்டு உன்னை நினைத்தேன். அம்மாவின் செய்தி வந்த அன்று உன்னை ஒரு நிமிடம் தனியே விடாமல் கூட இருந்தவர்கள் உன் குவில்ற் கூட்டத்துப் பெண்கள் என்று நீயே சொன்னாய், நான் கூட இல்லை, அவர்கள் தான் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டு இந்தக் கிழவனுக்குக் கஞ்சி காய்ச்ச வந்து, நான் கண்ணை மூடிய பிறகு நீயும் ஒரு கதவைத் திறந்து, அந்நியன் கையில் இருக்கிற துணியைப் பார்த்து அழ வேண்டுமா. கடை இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், வா என்று எழுதிவிட எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியாது. இந்த அறையில் பின்னேரங்களில் நான் சுவரோடு கதைக்கிறேன். இனி எனக்கு ஒரு நல்ல காலம் வரும் என்று நம்பவும் இல்லை. அதற்காக நீ வராதே, மகளே. வேலையை விட வேண்டாம். அந்த மனுசிக்கு மட்டும் ஒரு கடிதம் எழுது, விலாசத்தைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், வருவாள் என்று நான் சொன்ன பொய்க்கு அந்தக் கடிதமாவது ஈடாகட்டும்.

மடு மாதா உன்னைக் காப்பாற்றுவா, உன் ஊசியும் கையும் ஓயாமல் இருக்கட்டும், தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறேன். ஒன்றை மறந்துவிடாதே. ஞாயிறு இரவு வழக்கம் போல ரெலிபோன் எடுப்பாய், அப்போது வரட்டுமா அப்பா என்று கேட்டால் நான் வா என்று தான் சொல்லுவேன். அதைக் கேட்காதே, இந்தக் கடிதத்தைக் கேள்.

உன் அப்பா
அகஸ்ரின்