ஜீப்பில் ஓர் இடம்

மகனுக்கு,

நீ அனுப்பிய ஜீப் வந்தது. டிரைவர் சேற்றுக் காலோடு கூடத்துக்கே வந்து, "சீக்கிரம் கெளம்புங்கம்மா. அக்கம்பக்கத்துல மூச்சு விடக்கூடாதுன்னு சார் சொல்லிட்டாரு" என்றான். அணையின் எந்த மதகை நீ திறக்கப் போகிறாய் என்று அப்போதே புரிந்துவிட்டது.

நகரம் பிழைக்க எங்கள் பள்ளத் தெரு மூழ்கத்தான் வேண்டும் என்றால், உன் கணக்கில் நான் குறை காண மாட்டேன். முன்கூட்டிச் சொன்னால் பாலத்தில் நெரிசலாகி இன்னும் பலர் சாவார்கள் என்பாய். இருக்கலாம். ஆனால் கணக்கிலிருந்து உன் அம்மாவை மட்டும் எடுத்து வெளியே வைத்தாயே, அது என்ன நியாயம்? உன் அப்பா போன பிறகு யாரிடமும் சலுகை கேட்காதவள் நான்.

"என்ன ஆன்ட்டி, மழையில டூரா?" என்று பக்கத்து வீட்டு நிறைமாதக்காரி கிண்டல் செய்தாள். என் இடத்தில் அவளை ஏற்றிவிட்டேன்.

சாக்கடை நீர் வாசற்படிக்கு வந்துவிட்டது. இந்தக் கடிதத்தை டிரைவரிடம் கொடுத்தனுப்பியதும் கதவு கதவாகத் தட்டப் போகிறேன். இந்த முழங்காலோடு தெருக்கோடிவரை போய்ச் சேர மாட்டேன். மீதி வீடுகளுக்கு நீதான் அபாயச் சங்கை ஊத வேண்டும்.

ஊதாமல் திறந்தால், அந்த நேரம் நான் எந்த வாசலில் நிற்பேன் என்று உனக்குத் தெரியாது.

அம்மா