கம்பெனி கொடுத்த டப்பா

என் பிள்ளைகளின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? மாமாவின் இருமல் எப்படி?

இங்கே ஒரு கூத்து. குடல் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க, அறையில் ஆறு பேருக்கும் கம்பெனி மலப் பரிசோதனை டப்பா கொடுத்தது. குடிதண்ணீருக்கே மூக்கால் அழுகிறவன் இதைச் சும்மா கொடுப்பானா?

"நோய்னு தெரிஞ்சா ஊருக்கு அனுப்பிடுவான்டா" என்று வெல்டர் அண்ணன் கிளப்பிவிட்டார். அதனால் அறையிலேயே திடமான ஆளுடையதை ஆறு டப்பாவிலும் போட்டுக் கொடுத்தோம். அந்தப் பயில்வான் நான்தான். சிரிக்காதே.

இப்போது ஆறு பேரையும் மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டுமாம்.

"மிஷின் கோளாறு, நீ கவலப்படாத" என்கிறார் அண்ணன். ஆனால் நேற்றிலிருந்து என்னை ஒரு பாத்திரம்கூடக் கழுவ விடுவதில்லை. மீனில் நடுத்துண்டு எனக்கே வருகிறது. என் சட்டையை யாரோ துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்கள்.

உன் பழைய புடவை ஒன்று அனுப்பு, போர்த்திக்கொள்ள. சின்னவளை ஏதாவது கிறுக்கித் தரச் சொல்.

நாளை முதல் ஆளாக என்னைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். துணைக்கு வர ஐந்து பேரும் லீவு போட்டிருக்கிறார்கள்.

ஷிப்ட் வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். இவர்கள் இவ்வளவு நல்லவர்கள் இல்லையே, அதுதான் இடிக்கிறது.

உன்னவன்