கஞ்சி குடித்து எழுந்த லேப்டாப்

செஞ்சி
சனிக்கிழமை

அன்பு மகள் விமலாவுக்கு நைனா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம். தொண்டையில் ஆபரேஷன் செய்த இடம் நன்றாக ஆறிவிட்டது, குரல்தான் போனது போனதுதான், மற்றபடி கஞ்சியை விட்டுக் குழைந்த சோற்றுக்கு வந்துவிட்டேன். மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, வெயில் எப்படி இருக்கிறது என்று எழுது.

முக்கியமான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வாரம் போனில் "வேலைய உட்டுட்டு வந்துடட்டுமா நைனா" என்று கேட்டாயே, நான் வேண்டாம் என்றுதான் கையை ஆட்டினேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு "வரச் சொல்றாரு பாப்பா, கையக் காட்டிக் கூப்புடறாரு" என்று சொல்லிவிட்டாள். போனைப் பிடுங்கினேன், பிடுங்கி என்ன செய்வது, வெறும் காற்றுதான் வந்தது. நான் அழுவதாக நினைத்து நீயும் அழுதுவிட்டு வைத்துவிட்டாய். அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே, நீ வரவேண்டும் என்று அவளுக்கு ஆசை, அதனால் அப்படித்தான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. போனில் எழுத்தை அழுத்தினால் என் தடித்த விரலுக்கு ஒன்றுக்கு மூன்றாக விழுகிறது. சிலேட்டில் எழுதினால் அவளுக்குப் பாதிதான் புரிகிறது, வெந்நீர் என்று எழுதினேன், விசிறியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

நீ பிளஸ் டூ படிக்கும்போது ஸ்கூலில் கொடுத்த லேப்டாப் பீரோ மேல் கிடந்ததல்லவா, அதைப் பழைய சாமான்காரரிடம் போட்டு ஒரு பிளாஸ்டிக் கூடை வாங்கலாம் என்று அம்மா இறக்கி வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து உன்னோடு படித்த மணிமொழி என்னைப் பார்க்க வந்தாள், இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். கூடைக்குப் போக இருந்ததை வாங்கி ஸ்விட்சைப் போட்டாள். அம்மா அரிசி களைந்து உலையில் போட்டாள், சோறும் வெந்தது, திரையில் அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டே இருந்தது. மணிமொழி சிரித்தாள். "மெஷினு நல்லாத்தான் இருக்குது நைனா, உள்ள இருக்கிறது கனம், இதால தூக்க முடியல. ஒங்களுக்கு டாக்டரு கஞ்சி குடுக்கச் சொன்ன மாதிரி இதுக்கும் லேசா ஒன்னு ஊத்தணும்" என்றாள். மறுநாள் ஒரு பென் டிரைவில், மெஷினை உள்ளே இருந்து ஓட்டுகிற லினக்ஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தாள். எங்கெங்கோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டதாம், பழைய மெஷினுக்கென்றே அதில் லேசான ரகம் இருக்கிறதாம். உன் ஸ்கூல் போட்டோக்களைப் பத்திரமாக வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினாள். பாதியில் கரண்டு போய்விட்டது, பேட்டரி எப்போதோ செத்துவிட்டதால் லேப்டாப்பும் சேர்ந்து அணைந்தது. திரும்பப் போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் நிற்கிறது, அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள், எனக்கும் நம்பிக்கை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மணிமொழி முதலிலிருந்து ஆரம்பித்தாள், இந்தத் தடவை படம் பளிச்சென்று வந்தது. இப்போது ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் தயாராக இருக்கிறது.

தமிழ் எப்படி அடிப்பது என்று தேடினால், அதில் பழைய டைப்ரைட்டர் முறையே இருக்கிறது விமலா! ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் பத்திரம் அடித்த விரல்கள் அல்லவா, கேட்காமலே ஓடின. அடித்ததை வாய்விட்டுப் படிக்கும் ஒன்றையும் மணிமொழி போட்டுக் கொடுத்தாள். நான் முதலில் அடித்தது "சவரி, குழம்பில் உப்பு இல்லை." அது தகர டப்பாவுக்குள் இருந்து பேசுகிற மாதிரி சத்தமாகச் சொன்னது. அம்மா கரண்டியோடு வெளியே வந்து "எவன் அது என் பேரச் சொல்லிக் கூப்புடறது" என்றாள். நான்தான் என்று மெஷின் சொன்னது. "உப்பு கம்மியாப் போடச் சொன்னதே டாக்டருதான்" என்று அவள் ஆரம்பிக்க, நான் அடிக்க, அது கத்த, பக்கத்து வீட்டு ஜெயசுதா யாரோ விருந்தாளி சண்டை போடுகிறார் என்று எட்டிப் பார்த்தாள். அப்புறம் உன் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத்தினி மாசமா நான் ஒருத்தியேதான சண்ட போட்டுக்கினு இருந்தேன்" என்றாள். எனக்கும் தாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே "வேலைய உட வேணாம்னு நீயே உம் பொண்ணுகிட்ட சொல்லிடு, நான் குறுக்க வரல" என்று சொல்லிவிட்டாள்.

ஆகையால் வேலையை விடாதே. அக்ரிமெண்டைப் புதுப்பித்துக்கொள், கிறிஸ்துமஸுக்கு லீவு போட்டுவிட்டு வா, அது போதும். ராத்திரி டூட்டி முடிந்தால் தனியாக வராமல் கூட இருக்கும் பெண்களோடு வா. மணிமொழிக்கு ஒரு வார்த்தை போன் செய்து நன்றி சொல், இந்தக் கடிதத்தை மெயிலில் அனுப்புவதும் அவள்தான். மாதா உனக்குத் துணை இருக்கட்டும், எங்கள் இருவருடைய ஆசீரும் எப்போதும் உனக்கு உண்டு. நாளைக்கு நீ போன் செய்யும்போது ஒரு தகரக் குரல் "விமலா, சாப்டியா" என்று கேட்கும். பயந்துபோய் வைத்துவிடாதே, கேட்பது நான்தான்.

அன்புள்ள நைனா
காஸ்பர்