அறுவை மண்டபத்துக்கு இட்ட இரட்டைப் பூட்டு

திரு நிலைபெறுக. ஆறு வற்றாதிருக்க. வேழக்கரை நாடு முழுதாளும் கொற்றவல்லி மாதேவி, ஆழிமங்கலத் துறையில் நம் பண்டாரம் காக்கும் மாறவேளுக்கும், அத்துறையின் வணிகர் கணத் தலைவர், எட்டிப் பட்டம் பெற்ற சாத்தன் பெருநம்பிக்கும் விடுக்கும் ஓலை. உம் துறையும் அதன் குடிகளும் நலம் பெறுக. உம்மிருவர் நலத்தை வினவ இன்று எமக்கு மனமில்லை.

அரசின் பொன் பாதியும் வணிகர் பொன் பாதியுமாக உம் துறையில் மருத்துவச் சாலை எழுந்தபோது மகிழ்ந்தோம். கீழைத் தீவுகளிலிருந்து வணிகர் கலங்கள் ஏற்றி வந்த ஒளிக்குவி விளக்கும், மூச்சு ஊட்டும் துருத்தியும், வயிறு கீறிப் பிள்ளையெடுக்கும் நுண்கருவிகளும் தனியொரு கருவூலத்தால் வாங்கத்தக்கன அல்ல. வசதியுடையோர் தரும் கட்டணத்தில் வணிகர் தாம் இட்ட பொருளை மீட்கவும், வறியோரிடம் ஒரு காசும் கேளாதிருக்கவும் உடன்பட்டே முத்திரையிட்டோம். அவ்வுடன்பாடு இன்றும் நல்லதே. அதைக் கெடுத்தது உம் தலைக்கனம்.

கோயில் பண்டாரத்துக்கு இடும் இரட்டைப் பூட்டை அறுவை மண்டபத்துக்கு இடச் சொன்னவர் யார்? ஒரு சாவி அரசிடம், ஒரு சாவி கணத்திடம் என்று உயிர் காக்கும் கருவிகளைப் பொன்போல் பூட்டிவைத்தீர். அதையும் பொறுத்திருப்போம். உப்பளத்தில் உழைக்கும் வேட்டன், வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடக்கத் துடித்த தன் மனைவி சேந்தியைத் தூளி கட்டிச் சுமந்துவந்து அவ்வாசலில் கிடத்தினான். தலைமை மருத்துவர் நல்லாதனார் ஆயத்தமாய் நின்றார். நீவிர் இருவரும் வந்தீர், சாவியோடுதான் வந்தீர். வந்து, எவர் சாவி முதலில் நுழைவது, முதல் மரியாதை எவர்க்கு என்று வழக்காடினீர்! நிலம் அரசினது என்றாராம் ஒருவர். கருவி எம்முடையது என்றாராம் மற்றவர். எவர் காலில் முதலில் விழ வேண்டும், சொன்னால் விழுகிறேன் என்று வேட்டன் கதறியதாக மருத்துவர் எமக்கு எழுதியிருக்கிறார். அப்போதும் நீவிர் வழக்கை விடவில்லை. தாயும் சேயும் அவ்வாசலிலேயே மாண்டனர்.

எமக்கு வெட்கமாயிருக்கிறது. அச்சாலையின் கல்வெட்டில் எம் பெயரும் இருக்கிறதே!

ஆகவே ஆணை. கருவிகள் யாவும் இன்று முதல் மருத்துவர் பொறுப்பு. பங்கு முன்போலவே நடக்க. கணம் தனக்குரியதை இழக்காது. பிற துறைகளிலும் இவ்வாறே சாலை எழுப்ப வணிகரை அழைப்போம். ஆனால் நோயாளிக்கு முந்திய மரியாதை அங்கே எவர்க்கும் இல்லை, எமக்கும் இல்லை. நீவிர் இருவரும் குடையின்றி, கொம்பு முழக்கமின்றி, வேட்டன் குடிலுக்கு நடந்து சென்று அவன் காலில் விழுக. அவன் மன்னிப்பானா என்பது அவன் உரிமை.

இவ்வோலை கொணர்ந்தோர் தூதர் அல்லர். நம் அரண்மனைத் தச்சர். முதலில் மருத்துவச் சாலைக்கும், பின்பே உம்மிடமும் செல்லப் பணித்தோம். வேழ முத்திரை இட்டோம், இவ்வாணை மாறாது. சாவிகளை நீவிரே வைத்துக்கொள்க. அவற்றுக்குரிய கதவு இனி இல்லை.